அரவை அறையில் தங்கம் கூடாது

கோயமுத்தூரில் தங்கத்துக்கு மரியாதை இல்லாத இடம் ஒன்று இருந்ததென்றால், அது கோவிந்தராஜுலு சாரின் அரவை அறைதான். கல்லூரியின் ஜியாலஜித் துறையில், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய சின்ன அறை. சித்த வைத்தியர்கள் மருந்து அரைப்பார்களே, அந்த மாதிரி ஒரு கல்வம் அங்கே உண்டு. அதில் பாறையை மாவாக அரைப்பார்கள். வாசலில் ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. வளையலோ மோதிரமோ கம்மலோ, எதுவானாலும் தட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். தாலிக்கொடியை மட்டும் ரவிக்கைக்குள் போட்டு, மேலே கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொள்ளலாம் என்று சார் சலுகை கொடுத்திருந்தார். பாறைக்குள் அவர்கள் தேடியது தங்கம், அதுவும் நூறு கோடிப் பங்கில் ஒன்றிரண்டு பங்கு. வளையல் ஒருமுறை உரசினால் போதும், அத்தனை பாடும் வீண்.

மெர்சிக்கு அந்தத் தட்டுக்கே வேலை இல்லை. பெந்தெகொஸ்தே சபைக்காரி, நகையே போடுவதில்லை, காதுகூடக் குத்தவில்லை. ஆனைமலைப் பக்கம் தோப்புகளில் தேங்காய் பறிக்கும் அங்கப்பனின் மகள். அவர்கள் தெருவிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண். அவள் நேராக அறைக்குள் போவதைப் பார்க்கும்போதெல்லாம், தங்க ஆராய்ச்சிக்கென்றே கடவுள் அனுப்பிய பெண் என்று சார் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பே பிற்பாடு அவளுக்கு எமனாகும் என்று யார் கண்டது?

அவள் ஆராய்ந்தது அந்தமான் பக்கத்து எரிமலைத் தீவு ஒன்றின் கல்லை. அங்கே கடலின் தரை இன்னொரு தரைக்கு அடியில் சரிந்து பூமிக்குள் இறங்குகிறது. இறங்கும்போது சும்மா இறங்குவதில்லை, கடல்தண்ணீரையும் கந்தகத்தையும் மடியில் கட்டிக்கொண்டு போகிறது. ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாகும்போது அதில் கொஞ்சம் தங்கமும் இருக்கும். அந்தத் தங்கம் மேலே வந்து சேருமா, பாதியிலேயே நின்றுவிடுமா என்று முடிவு செய்வது கந்தகம். கந்தகம் இரும்போடு சேர்ந்து சொட்டுச் சொட்டாகத் திரண்டால், தங்கம் ஓடிப்போய் அந்தச் சொட்டுக்குள் புகுந்துகொள்ளும். சொட்டு கனமானது, அடியிலேயே தங்கிவிடும், குழம்பு வெறுங்கையோடு மேலே வரும். கந்தகம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து குழம்பிலேயே கரைந்து கிடந்தாலோ சொட்டு திரளாது, தங்கமும் கூடவே மேலே வரும். இந்தத் தீவில் சொட்டு ஆழத்திலேயே திரண்டுவிடுகிறது, ஆகவே பழைய கல்லானாலும் புதுக் கல்லானாலும் தங்கம் சொற்பமாகத்தான் இருக்கும் என்பது மெர்சியின் கட்சி. சார் அரை மனதோடு தலையாட்டினார். பழைய கல்லை அவள் அரைத்து வடக்கே ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். தங்கம் சொற்பமாகத்தான் இருந்தது. தொண்ணூற்றொன்றில் எரிமலை கக்கிய புதுக் கல் மட்டும் பாக்கி.

அதே துறையில் கோகிலாமணி கிணற்றுத் தண்ணீரின் உப்பை ஆராய்ந்துகொண்டிருந்தாள். மெர்சிக்கு இரண்டு வயது மூத்தவள். ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே பக்கெட், ஒரே எண்ணெய்ப் பாட்டில் என்று இருவரும் காலம் தள்ளியவர்கள். தொண்ணூற்று மூன்று தை மாதம் கோகிலாவுக்குக் கல்யாணமாகி, பீளமேட்டில் பம்ப் கம்பெனி வைத்திருந்த அருண்குமார் வீட்டுக்குப் போனாள். மாமியார் சாமியாத்தாள் மருமகளுக்குக் கைக்கு ஒன்றாகப் புதுத் தங்க வளையல்களைத் தன் கையாலேயே ஏற்றிவிட்டு, ஒரு வருஷம் முடியும்வரை வெறுங்கையாக நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். விரல்முட்டியைத் தாண்டிக் கழற்ற வராத சின்ன வளையல். தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்கிறவளுக்கு வளையலால் என்ன கெட்டுவிடப்போகிறது? கோகிலாவும் சந்தோஷமாகத்தான் போட்டுக்கொண்டாள்.

மாசியில் அங்கப்பன் மரத்திலிருந்து விழுந்தார். பொள்ளாச்சி ஆஸ்பத்திரியிலிருந்து துறைக்குப் போன் வந்தது. புதுக் கல்லின் மாவு மறுநாள் காலைப் பார்சலில் போயாக வேண்டும், தவறினால் ஆய்வகத்தில் மறுபடி எப்போது இடம் கிடைக்குமோ தெரியாது. சார் ஊரில் இல்லை. தன் கல்லை இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது என்பது வேறு அவர் சட்டம். மெர்சி பையும் கையுமாகத் தவித்துக்கொண்டு நிற்க, கோகிலாதான் அவளைப் பிடித்து வாசல்பக்கம் தள்ளினாள். நீ போ, நான் அரைத்து வைத்துவிடுகிறேன், சாருக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுவரைக்கும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

மெர்சி போனதும் கோகிலா தட்டின் முன்னால் நின்று வளையலை இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள், எலும்பு வலித்தது. சரி என்று முழங்கைப் பக்கம் ஏற்றி, ரப்பர் பேண்டு போட்டு நிறுத்திவிட்டு உள்ளே போய் அரைக்க ஆரம்பித்தாள். முதல் கல் பாதி அரைபடும்போதே ரப்பர் பேண்டு அறுந்தது. வளையல் சரசரவென்று இறங்கி வந்து, கை ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் கல்வத்தின் விளிம்பில் கிணுங் என்று இடித்தது. கைக்குட்டையைச் சுற்றிப் பார்த்தாள், அதுவும் நழுவியது. அந்த நேரம் பார்த்து வெளியே அருண்குமார் ஸ்கூட்டர் ஹாரனை அமுக்கினான். சென்னிமலையில் அவனுடைய சித்தி வீட்டில் புது ஜோடிக்கு விருந்து. மாவைக் கொட்டிவிட்டுக் கல்வத்தைக் கழுவி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கிண்ணத்தைப் பார்த்தாள். கறுப்பு மாவு கறுப்பாகவே இருந்தது, ஒரு மினுக்கும் இல்லை. ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மிச்சக் கல்லையும் அதே கையால் கிணுங் கிணுங்கென்று அரைத்து, பொட்டலம் கட்டி வைத்துவிட்டு விருந்துக்குப் போனாள்.

சித்திரை வெயிலில் முடிவு வந்தது. பழைய கல்லைப்போலப் பத்து மடங்கு தங்கம்! சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. பழைய கல்லுக்கும் புதுக் கல்லுக்கும் நடுவில் ஆழத்தில் கந்தகம் குணம் மாறியிருக்கிறது, சொட்டு திரள்வது நின்று தங்கத்துக்கு வழி திறந்திருக்கிறது, உலகமே திரும்பிப் பார்க்கப்போகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். மெர்சிக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. கேண்டீனில் டீயை ஆறவிட்டபடி உட்கார்ந்திருந்தவள், மெதுவாகக் கேட்டாள்.

“ஏனுங்க்கா, வளையலக் கழட்டிப்போட்டுத்தானுங்க அரைச்சீங்க?”

கோகிலாவுக்கு அந்தக் கிணுங் சத்தம் காதுக்குள் கேட்டது. இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். சொன்னால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“கழட்டாம? எனக்குத் தெரியாதா புள்ள.”

வளையல் இரண்டும் மேசைமேல் அவள் கையிலேயே இருந்தன. மெர்சியின் பார்வை அந்தப் பக்கம் போகவே இல்லை. சரிங்க்கா என்று சொல்லி டீயைக் குடித்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. தன் கட்சியைத் தானே மூட்டை கட்டி வைத்துவிட்டு, சார் சொன்ன வழியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத உட்கார்ந்தாள். அவள் எழுதுவதைக் கோகிலா தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். விடிந்தால் இன்னொரு நாளைக்கு இருக்கும். இப்படியே ஆடி போனது, ஆவணி போனது.

தீபாவளி நெருங்கும் நேரத்தில் சார் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு நிச்சயத்துக்காக, அதே புதுக் கல்லின் மிச்சத் துண்டுகள் சிலவற்றை வேறோர் ஆய்வகத்துக்கு முழுசாகவே அனுப்பி, அங்கேயே அரைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தாராம். தங்கம் சொற்பம். பழைய கல்லில் இருந்த அதே அளவு.

கோவிந்தராஜுலு சார் சத்தம் போடுகிற ஆள் அல்ல. அன்றைக்குக் குரல் நடுங்கியது.

“நகை போட்டவங்க அரைச்சிருந்தா உரசிப்போச்சுன்னு உட்ருவனுங்க. இந்தப் பொண்ணு மேல குண்டுமணித் தங்கம் கெடையாது. அப்ப கல்லுல இல்லாதது மாவுல எப்படிங்க வந்துச்சு?”

எல்லோருக்கும் ஒரே பதில்தான் தோன்றியது. பேர் வாங்கும் ஆசையில் இவளே கொண்டுவந்து கலந்திருக்கிறாள். சீனியர் லெக்சரர் ஒருவர் அதை இருமலுக்கு நடுவில் சொல்லியும்விட்டார். தங்கமே போடாத பெண் என்பதுதான் அவளுக்கு எதிரான சாட்சி! மெர்சி எழுந்து நின்றாள். அரைத்தது யார் என்று சார் கேட்டார்.

“நாந்தானுங் சார் அரைச்சேன்” என்றாள் மெர்சி.

ஆபத்துக்கு உதவியவளை இழுத்து நடுவில் விடக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். வளையலைக் கழற்றினேன் என்று கோகிலா சொன்னதையும் நம்பியிருந்தாள். பிறகு அவள் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? கோகிலா இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டிருந்தாள். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாள்? ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. ஆராய்ச்சிப் பட்டத்துக்கான அவள் பதிவை என்ன செய்வதென்று பல்கலைக்கழகம் சொல்லும்வரை வர வேண்டாம் என்று மெர்சியிடம் சொல்லிவிட்டார்கள். அவள் அன்று மத்தியானமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உக்கடம் போய்ப் பொள்ளாச்சி பஸ் ஏறினாள்.

தலை தீபாவளிக்குக் கோகிலா பட்டுப் புடவையில் ஜொலித்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. விசேஷமா என்று சித்திமார்கள் கேலி செய்தார்கள். கரண்டியைக் குழம்பில் சுற்றினால் கிணுங் என்றது. தலை சீவினால் கிணுங் என்றது. நான் ஒருத்தியின் படிப்பைத் தின்றுவிட்டேன், இவர்கள் எனக்கு லட்டு ஊட்டுகிறார்கள் என்று நினைத்து நினைத்து அவள் வெந்துபோனாள். கடைசியில், சிநேகிதியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஆனைமலை பஸ்ஸில் பாதிக்கு மேல் மாசாணி அம்மன் கோயிலுக்குப் போகிற பெண்கள். பக்கத்து ஸீட்டுக்காரி மடியில் ஒரு பொட்டலம் மிளகாய் இருந்தது. அவள் தம்பியின் நிலத்தை யாரோ ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டார்களாம். அம்மன் சந்நிதியில் மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசினால், தப்புச் செய்தவன் யாரென்று தெரியாவிட்டாலும் சரி, அவன் உடம்பு பற்றி எரியும், தானாக வந்து காலில் விழுவான் என்றாள். கோகிலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெர்சி வீட்டில் இல்லை. பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கப் போயிருந்தாள். அங்கப்பன் உள்ளே கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார், இனி மரம் ஏற முடியாது. அவருடைய அக்கா பழனியாத்தாள்தான் வாசலுக்கு வந்தாள். தம்பி குடும்பம் சபைக்குப் போனபோதும் அவள் பழைய சாமியை விடவில்லை. கோகிலாவின் பட்டுப் புடவையையும் பேச்சையும் பார்த்ததும் எந்த வகையறா என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தாள். வீட்டுத் தம்ளரில் குடிக்க மாட்டாள் என்று நினைத்து, கடைக்கு ஓடி ஒரு கலர் பாட்டிலை உடைத்து வாங்கிவந்தாள். தண்ணீர் போதுமுங்க என்று கோகிலா கேட்டு வாங்கி, வீட்டுத் தம்ளரிலேயே குடித்தாள். அந்த மரியாதை அவளைச் சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது.

பழனியாத்தாளுக்குப் பேச ஆள் கிடைத்தது போதும். புள்ளை ராத்திரியெல்லாம் கண்ணை மூடுவதில்லை, சபைக்காரர்களே திருடியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள் என்று புலம்பினாள். யாரோ படுபாவி வேண்டுமென்றே செய்திருக்கிறான் என்றாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். போன வெள்ளிக்கிழமை கோயிலில் தன் கையாலேயே மிளகாய் அரைத்துப் பூசிவிட்டாளாம். மெர்சிக்குத் தெரிந்தபோது, அப்படியெல்லாம் செய்யக் கூடாது அத்தை, யாராயிருந்தாலும் ஜெபம்தான் பண்ண வேண்டும் என்று அவள் அழுதாளாம்.

கோகிலா தம்ளரைக் கீழே வைத்தாள்.

“அந்த மொளகா எனக்குத்தானுங்க. நாந்தானுங்க செஞ்சுபோட்டேன்” என்றாள்.

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. ரப்பர் பேண்டு, ஹாரன், விருந்து, கேண்டீனில் சொன்ன பொய், சாரின் அறையில் மூடிய கை. கிழவி சண்டை போடுவாள், மயிரைப் பிடித்து இழுப்பாள் என்று நினைத்தாள். இழுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பழனியாத்தாள் எழுந்து சுவரோரம் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

“பண்ணாடி ஊட்டு அம்மணின்னு தெரிஞ்சிருந்தா நான் அரைச்சிருக்க மாட்டனுங்க” என்றாள். நிலக்காரர் வீட்டுப் பெண்ணைச் சபித்துவிட்டோமே என்று பயந்துபோயிருந்தாள்.

மெர்சி படலைத் திறந்துகொண்டு வந்து எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ. கையில் டியூஷன் புத்தகம். கோகிலா எழுந்து அவள் கையைப் பிடிக்கப் போனாள், மெர்சி புத்தகத்தை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

“நீங்க கழட்டுனேன்னு சொன்னீங்க. அப்ப என்ற யோசனதான் தப்புன்னு முடிவு பண்ணிப்போட்டனுங்க்கா. உங்களச் சந்தேகப்படத் தோணல. என்னையத்தான் சந்தேகப்பட்டேன்.”

கோகிலா விம்மி அழுதாள். மெர்சி அழவில்லை. அத்தையைப் பார்த்து, அக்காவுக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றாள். பிறகு, இதையே சாரிடம் வந்து சொல்லுங்கள், எல்லோரும் இருக்கும்போது சொல்லுங்கள் என்றாள். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோகிலா குளியலறைக்குள் போய்க் கைக்குச் சோப்புப் போட்டாள். வளையல் இரண்டும் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தன. மாசியிலிருந்து இந்த ஐப்பசிவரை, கழற்ற முடியாது என்று நினைத்துத் திரிந்தவை. ஒரு துண்டுச் சோப்பு, அவ்வளவுதான். தரையில் கிடந்த வளையலைப் பார்த்துக்கொண்டு ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெறுங்கையோடு வெளியே வந்தவளைப் பார்த்துச் சாமியாத்தாள் கத்தியது தெருமுனைவரை கேட்டது. அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் துறையில், அதே அறையில், அதே ஆட்கள் முன்னால் சொன்னாள். சீனியர் லெக்சரர் இந்த முறை இருமவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவள்மேல் எரிந்து விழவில்லை. மெர்சியைப் பற்றித் தான் கேட்ட கேள்வியை நினைத்துக்கொண்டிருந்தார் என்று முகத்தில் தெரிந்தது. பிறகு அவரே காரை எடுத்துக்கொண்டு ஆனைமலைக்குப் போனார்.

மெர்சி திரும்பி வந்தாள். முதலில் நீ சொன்னதுதானம்மா சரி, கந்தகச் சொட்டு எல்லாத் தங்கத்தையும் அடியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது, நான்தான் உன்னைத் திசைதிருப்பிவிட்டேன் என்று சார் எல்லோர் எதிரிலும் சொன்னார். பட்டம் கிடைக்கும், அதில் இனிச் சந்தேகமில்லை. ஆனால் அவள் தன் யோசனையை மூட்டை கட்டி வைத்திருந்த அந்த மாதங்களில், கடல் தாண்டி யாரோ அதே கருத்தை வேறொரு தீவுக் கல்லை வைத்து அச்சேற்றிவிட்டிருந்தார்கள். முதலில் சொன்னவள் என்ற பேர் போனது போனதுதான். அதைக் கேட்டு மெர்சி ஒரு தடவை தலையாட்டினாள்.

மிச்சமிருந்த புதுக் கல்லை மெர்சியே மறுபடி அரைக்க வேண்டும். கல்வத்தைத் தேய்த்துக் கழுவி, ஒட்டியிருக்கும் பழைய துகள் போக வெறும் படிகக் கல்லை ஒருமுறை அரைத்துக் கொட்டிவிட்டு, கற்களை எடுக்க வெளியே வந்தாள். வாசலில் கோகிலா நின்றிருந்தாள். கம்மலையும் மூக்குத்தியையும்கூடத் தட்டில் கழற்றி வைத்திருந்தாள்.

“கல்ல எடுத்துக் குடுக்கறேன் மெர்சி. கூட இருக்கட்டுமா?”

இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். வளையல் கிடந்த இடம் வெளுத்துப்போயிருந்தது. மெர்சி அந்தக் கைகளைப் பார்த்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, எப்போதும் இருக்கிற மரியாதைதான் இருந்தது.

“தெரியுதுங்க்கா, ஒண்ணுமில்ல. இருந்தாலும் நீங்க வெளியவே இருங்க.”

கற்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருப்பதே கோகிலாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.